தெகிவளைப் பக்கம் பார்த்து நின்றவருக்கு

சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நின்றே பழகிய என் அத்தானுக்கு,

வெள்ளவத்தைக் கடற்கரையில் இன்றைக்கும் அதே காற்று. தண்டவாளத்தில் நின்றால் பக்கத்தில் நிற்பவன் கதைப்பது காதில் விழாது. "இந்தக் காத்துக்குள்ள காதை நம்பாதேங்கோ, கண்ணை நம்புங்கோ" என்று ஆனி மாதம் பிறக்கும்போதே தொடங்கிவிடுவீர்கள். இந்த வருடம் அதைச் சொல்ல ஆள் இல்லை. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், எல்லோரும் சிரித்தார்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிப்பதற்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம் பிடித்திருக்கிறோம். தேவாரமும், மனைவி புலம்பலும், மக்கள் புலம்பலும் அவர்களிடமே தயாராக இருக்கின்றனவாம், பெயரை மாற்றினால் போதுமாம். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொன்னேன். அப்படியென்றால் மக்கள் புலம்பலை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்துக்கு அன்னாரின் குணநலன்களை எழுதித் தாருங்கள் என்றார் அச்சகக்காரர்.

உங்களை 'அன்னார்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக நீங்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் நடராசா. என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணப் பாதையில் தண்டவாள வேலை பார்த்தவர். சண்டையால் வடக்கே ரயில் நின்றபோது உங்களைக் கொழும்புக்கு, கரையோரப் பாதைக்கு மாற்றினார்கள். சில வருடம் கழித்து நானும் வந்து உங்கள் அறையில் பாயும், உங்கள் கூட்டத்தில் வேலையும் பிடித்துக்கொண்டேன். சோமபால கங்காணியின் கீழ் நாங்கள் ஏழு பேர் குனிந்து வேலை செய்வோம். நீங்கள் மட்டும் செம்மஞ்சள் மேலங்கி போட்டு, சிவப்புக் கொடியும் விசிலுமாக நிமிர்ந்து நின்று, ரயில் வருகிறதா என்று பார்ப்பீர்கள். அந்த வேலைக்கு லுக்கவுட் என்று பெயர். சும்மா நிற்பதற்குச் சம்பளமா என்று முதல் வாரம் உங்களைக் கேட்டவன் நான்தான்.

குணநலன்களை எழுதச் சொன்னால் எனக்கு உங்கள் ஒழுங்குகள்தான் நினைவில் வருகின்றன. தண்டவாளத்தின் தலையில் கால் வைக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும், உப்புக் காற்றில் அது வழுக்கும். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் நிற்கக் கூடாது. ஒரு ரயில் போய்விட்டதே என்று உடனே இறங்கக் கூடாது, அதன் மறைவில் மற்றப் பாதையில் இன்னொன்று வரும். தலையில் துவாய் கட்டினால் காது வெளியே இருக்க வேண்டும். சிலிப்பர் கட்டையில் குந்தியிருந்து சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கக் கூடாது. விசில் ஊதினால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கையை உயர்த்திக் காட்டிவிட்டு, கையில் இருக்கும் சாமானோடு பாதையை விட்டு விலகிவிட வேண்டும்.

இதெல்லாம் இலாகாவின் புத்தகத்திலும் இருக்கிறது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் புத்தகம் யாரையும் திட்டாது. வெள்ளவத்தைச் சனம் தண்டவாளத்தைத் தங்கள் வீட்டுக் கோடிப்புறமென்று நினைத்துக் குறுக்கே நடப்பதைக் கண்டால் நீங்கள் படும் பாடு எனக்குத்தான் தெரியும். பட்டுச் சேலையோடு ஆடி அசைந்து கடற்கரைக்குப் போன ஒரு அம்மாவை மறித்து, "அம்மா, இது கோயில் வீதியில்லை. கும்பிட்டுக்கொண்டு நிண்டாலும் கோச்சி நிக்காது" என்றீர்களே. அந்த அம்மா அதன்பிறகு உங்களைக் கண்டால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

காலி வீதியைக் கடக்கும்போதும் நீங்கள் அப்படித்தான். வலமும் இடமும் பார்த்து, மறுபடியும் வலம் பார்ப்பீர்கள். அக்கா அதற்குள் கடந்து போய்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கி முடித்திருப்பார்.

நாங்கள் பாதையை விட்டு விலகுவதை ஒவ்வொருவராக எண்ணுவீர்கள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசையும். ஏழு வந்தபிறகுதான் கொடியைத் தாழ்த்துவீர்கள். ஏழாவது ஆள் எப்போதும் நான்தான். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் பாதியில் விட்டு நிமிர எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். "உன்னை எண்ணுறதுக்காகத்தான் எனக்கு இலாகா சம்பளம் தருது" என்று பகிடி பண்ணுவீர்கள்.

உங்கள் ஒழுங்குகளில் ஒன்றை இன்னும் எழுதவில்லை. லுக்கவுட்டாக நிற்கிறவர் வேறு வேலை செய்யக் கூடாது, கதைக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பாதையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் என்பதுதான் கரைச்சல். நாங்கள் இருப்பது கொழும்பில், அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, கூப்பிடுகிறவர்கள் தோளில் துவக்கோடு வருகிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் போக வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதத் தேவையில்லாத ஒழுங்கு.

அந்த நாளைத் தொடாமலே இரண்டு பக்கத்தையும் நிரப்பியிருப்பேன். ஆனால் உங்கள் செத்தவீட்டில், வெளியே கதிரையில் இருந்த ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதைக் கேட்டேன். "நல்ல மனுசன்தான். ஆனா ஒருக்கா உள்ளுக்கு இருந்தவரெல்லோ. என்னத்தில மாட்டினாரோ ஆருக்குத் தெரியும்?" எனக்குத் தெரியும். தேத்தண்ணித் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முந்திய ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நடுவே, கடல் பக்கப் பாதையில் கல் இறுக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் ரயில்கள் தெகிவளைப் பக்கமிருந்து வந்து கோட்டைக்குப் போகும். நீங்கள் எங்களுக்கு எட்டத் தள்ளி, தெகிவளைப் பக்கம் பார்த்து நின்றீர்கள். மற்றப் பாதையைச் சோமபால கங்காணி பார்த்துக்கொண்டார். கடல் அன்று பெரிய இரைச்சல்.

உங்கள் முதுகுக்குப் பின்னால், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையிலிருந்து ரோந்து வந்தது. வழக்கமாக வருகிறவர்கள் உங்களை அறிவார்கள், தலையாட்டிவிட்டுப் போவார்கள். அன்று வந்த நாலு பேரும் புதியவர்கள். தண்டவாள ஓரத்தில் கொடியோடு ஒரு தமிழன் நிற்பதைக் கண்டால் அவர்களுக்கு என்ன தோன்றும்? நகரத்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்களும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள்.

"ஏய், மெஹெ வரெங்!" என்று ஒருவர் கையை வீசிக் கத்திக் கூப்பிட்டார். இங்கே வா என்று அர்த்தம்.

நீங்கள் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கம் நீட்டி, பொறுங்கள் என்று காட்டினீர்கள். அவர்கள் நின்ற ஒழுங்கை இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவில் இருந்தது. அங்கே போனால் பாதை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இது எனக்கு இன்று விளங்குகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் இரண்டாம் முறை கூப்பிட்டதும், மற்றவர் தோளிலிருந்து துவக்கைக் கழற்றியதும்தான்.

நான் கல் இறுக்கும் அலவாங்குக் கம்பியோடு நிமிர்ந்து, தொண்டை கிழியக் கத்தினேன். "அத்தான், போங்கோ! கூப்பிடுகினம், போங்கோ!"

தமிழில் கத்தினேன். வேறு எந்தப் பாஷையில் கத்துவேன்? நான் நினைத்தது உங்களைக் காப்பாற்றுவதாக. அவர்களுக்குக் கேட்டது, ஒரு தமிழன் இன்னொரு தமிழனுக்கு ஏதோ அடையாளம் கொடுப்பதாக. ஒருவர் உடனே முழங்காலில் குந்தித் துவக்கை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் கணம்தான் நீங்கள் விசிலை ஊதினீர்கள்.

எப்போதோ போயிருக்க வேண்டிய, அலுவலகம் போகிறவர்களின் கந்தோர் ரயில், பிந்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஒருவருக்கும் அது கேட்கவில்லை. மற்றவர்கள் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கடல் பக்கக் கற்களில் ஏறிவிட்டார்கள். நான் துவக்கைப் பார்த்தபடி தண்டவாளத்துக்கு நடுவே நின்றேன். அப்போது நீங்கள் எங்கள் பக்கம் திரும்பி, கொடியால் என்னைச் சுட்டி இரண்டாம் முறை ஊதினீர்கள். உங்களிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு துவக்கு இருந்தது. அந்த இரண்டாவது விசில்தான் என்னை அசைத்தது. அலவாங்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். ரயில் போனது.

உங்கள் உதடு அசைந்ததைக் கண்டேன். அதன்பிறகுதான் கொடியைக் கல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினீர்கள்.

ரோந்துக்காரர்களில் ஒருவர் எங்களிடம் வந்து, "கவுத கேகஹுவே?" என்று கேட்டார். கத்தியது யார் என்று. சோமபால கங்காணி கடலைப் பார்த்தார். நான் என் காலைப் பார்த்தேன். உங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னேரம் பொலிஸிலும் அதையே கேட்டார்கள். கடல் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர்கள் சிங்களத்தில் எழுதியதன் கீழ் கையெழுத்து வைத்தேன். எழுதியது எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

கூப்பிட்டும் வரவில்லை, ஒருவன் தமிழில் கத்தினான், உடனே விசில் ஊதினார், கத்தியவன் யார், என்ன சொன்னான்? இதுதான் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. 'நான்தான் கத்தினேன், கூப்பிட்டவர்களிடம் போகச் சொல்லித்தான் கத்தினேன்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி முடிந்திருக்கும். நான் கொழும்புக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என்னையும் பிடித்தால் அக்காவுக்கு யார் துணை என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை, ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். நீங்களும் என் பெயரைச் சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை.

சோமபால கங்காணிதான் கடைசியில் இலாகாவின் ஒழுங்குப் புத்தகத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். லுக்கவுட் எவர் கூப்பிட்டாலும் பாதையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்ற இடத்தைப் பெரிய அதிகாரிக்கு வாசித்துக் காட்டினார். 'இவர் திரும்பியிருந்தால் ஏழு பிரேதத்துக்கு நீங்கள் அறிக்கை எழுதியிருப்பீர்கள்' என்றும் அவரிடம் சொன்னாராம். அன்று பின்னேரமே உங்களை விட்டார்கள்.

நீங்கள் வீட்டுப் படியேறி வந்தபோது நான் கதவோரம் நின்றேன். என்ன கேட்பீர்கள், என்ன சொல்வேன் என்று பதினொரு நாளாக யோசித்து வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என்னைப் பார்த்து என்ன சொன்னீர்கள் தெரியுமா?

"அலவாங்கைத் தண்டவாளத்துக்கு நடுவில போட்டிட்டு வந்தனி. சாமானோடதான் விலக வேணும். அது பிழை."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. என் குரல் உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா, அத்தான்?

கொடியைத் திருப்பித் தரவில்லை. கட்டளைக்குப் பணியாதவர் என்று எங்கோ ஒரு தாளில் எழுதியிருந்ததாம். உங்களைக் கல் அள்ளும் வேலையில் போட்டார்கள். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனாலும் வேறு இடம் பார்க்கச் சொன்னார். கிருலப்பனைக்குப் போனோம். நீங்கள் பேசாமல் இருந்தீர்களா? இல்லை. அக்காவைக் கொண்டு மேலங்கியின் முதுகில் பிளாஸ்டிக் தாளால் ஒரு பொக்கற் தைப்பித்தீர்கள். அடையாள அட்டையை அதற்குள் வைத்தால், லுக்கவுட் திரும்பத் தேவையில்லை, வருகிறவர் பின்னால் நின்றே வாசித்துக்கொள்ளலாம் என்று மேலிடத்துக்குக் காட்டப் போனீர்கள். யோசிப்போம் என்றார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார்கள். மேலங்கி ஆணியில் தொங்கியது.

உங்களை ரயில் தொடவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். சிலர் அப்படி நினைக்கிறார்கள். வேலையால் வந்து, முகம் கழுவி, கதிரையில் இருந்து நெஞ்சு நோகுது என்றீர்கள். முப்பது வருடம் தண்டவாளத்தில் நின்றவருக்கு ஒரு கீறல் கூட இல்லை.

இதுவரை எழுதியதை நிறுத்திவிட்டு, நாலு நாள் கழித்துத் தொடர்கிறேன்.

அச்சில் வருவதற்கு முன் அக்காவுக்குத் தெரிய வேண்டும் என்று வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நான் கத்திய இடம் வந்ததும் சுளகைக் கீழே வைத்தார். நான் வாசித்து முடித்தேன். பிறகு கேட்டார்.

"பதினொரு நாளும் பொலிஸ் வாசலில என்னோட நிண்டனியெல்லோ?"

"ஓம் அக்கா."

"சாப்பாட்டுப் பார்சலை நீதானே காவிக்கொண்டு வந்தனி?"

"ஓம்."

"கத்தினவன் ஆரெண்டு தெரிஞ்சால் அவன்ர காலில விழுந்தெண்டாலும் சொல்லச் சொல்லிக் கேப்பன் எண்டு நான் அழேக்க, நீ பக்கத்திலதானே நிண்டனி?"

நான் தாள்களை மடித்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா எழும்பி உள்ளே போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். என்னை அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு செய்தி. இப்போது லுக்கவுட்டாக நின்றவர் ஓய்வு பெறுகிறார். சோமபால கங்காணி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுத் தம்பிக்கு மல்லி என்று சிங்களம் கலந்த தன்னுடைய தமிழில் கேட்டார். "மல்லி, கொடி நீ புடிக்க ஏலுமா?"

"ஏன் நான்?" என்றேன். "அண்டைக்கு நான் செய்தது உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும். அவருக்கும் தெரியும். நடராசா அய்யாதான் சொன்னது, கொடி எப்பவாவது காலியானா சிவத்துக்குக் குடுங்க சொன்னது. கடைசியா விலகிற ஆள்தான் மத்த ஆறு பேரையும் பாக்கிறது சொன்னது."

நீங்கள் இதை எப்போது அவரிடம் சொன்னீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் பிந்துவதைப் பகிடி பண்ணிக்கொண்டே அதில் இப்படி ஒன்றையும் கண்டு வைத்திருந்தீர்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று கங்காணியிடம் சொன்னேன். அன்றிரவு அக்காவின் கதவோரம் நின்று அவருக்கும் இதைச் சொன்னேன். பயம் போய்விடவில்லை, அத்தான். ரோந்து இன்றைக்கும் அதே ஒழுங்கையால்தான் வருகிறது. என் அட்டையிலும் பிறந்த இடம் மாறவில்லை.

மூன்றாம் நாள் காலை முற்றத்துக் கொடிக்கயிற்றில் உங்கள் செம்மஞ்சள் மேலங்கி தோய்த்துக் காய்ந்தது. தோள் எனக்கு ஏற்றமாதிரி ஒடுக்கித் தைத்திருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முதுகுப் பொக்கற் ஒரு பக்கம் பிஞ்சிருந்தது. இழுத்துத் தைச்சிருக்கிறன். கார்ட் விழாது."

பிறகு, "எழுதினதில ஒண்டையும் வெட்டாதை" என்றார்.

வெட்டவில்லை. இன்று அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகக்காரர் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "தம்பி, இது கல்வெட்டோ, ரயில்வே சுற்றறிக்கையோ?" என்று கேட்டார். இரண்டும் என்றேன். அவர் மிச்சத்தையும் வாசித்தார். பிறகு, எத்தனை பிரதி என்று கேட்டார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் என்றேன். அந்தக் கதிரைக்காரருக்கு நானே கையில் கொடுப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் காலை நான் கொடியோடு நிற்பேன். தண்டவாளத்தின் தலையில் மிதிக்கமாட்டேன். காதை நம்பமாட்டேன். முகம் தெகிவளைப் பக்கம் இருக்கும், அட்டை முதுகில் இருக்கும். பின்னால் யார் கூப்பிட்டாலும் ஏழு பேரும் விலகியதை எண்ணிய பிறகுதான் திரும்புவேன். பயம் இருக்கும், அது எனக்குத் தெரியும். பயத்தோடேயே எண்ணுவேன். அன்றைக்குக் கத்தியது யார் என்று எவராவது இனிமேல் கேட்டால், கீழே பார்க்காமல் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
அன்றைக்குக் கத்தியவன்,
நீங்கள் எண்ணி முடித்த ஏழாவது ஆள்,
உங்கள் மைத்துனன் சிவம்